என் காயத்துக்கு வாங்கின பவுடர்

மொதல்லயே சொல்லிடறேன், நான் பொறாமைக்காரி. பேரு கோமளா, ஊரு ஆரணி, பட்டுப்பொடவ யாவாரம் பண்ற குடும்பம். எடை குறைக்கற ஆபரேஷன் பண்ணிகினு, காயம் ஆறாம ஆஸ்பத்திரியில கெடந்தவ. அப்போ எங்க பக்கம் இப்படி ஒரு ஆபரேஷன் இருக்குதுன்னே யாருக்கும் தெரியாது. இப்போ ஆளாளுக்கு போன் பண்ணி, "வலிச்சுதா? இன்னா சாப்ட்ட? எப்படி ஆறிச்சு?"ன்னு கேட்டு ஒரே பேஜாரு. தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரே தடவயா எழுதிடறேன். ஆனா பொறாமைய வுட்டுட்டு இந்தக் கதைய எழுத முடியாது. காய்ச்சலு, டிரெஸ்ஸிங்கு, மாத்திர எல்லாத்துக்கும் நடுவுல அதுதான் என் பக்கத்துலயே படுத்துகினு கெடந்துது.

யாரு மேல பொறாமை? ரேவதி மேல. ரேவதி என் ஓரகத்தி, எங்க வூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. நாங்க எல்லாரும் ஒரே வூட்லதான் இருக்கோம். அவ ஒல்லின்னா ஒல்லி, காத்தடிச்சா கதவப் புடிச்சிக்கணும்.

எங்களுக்குக் கடைன்னு தனியா கெடையாது. முன் ரூம்ல பாய் விரிச்சு, அது மேல வெள்ள வேட்டி போட்டு, பொடவய ஒண்ணொண்ணா பிரிச்சுப் போடறதுதான் யாவாரம். எந்த ஒடம்புக்கு எந்த பார்டர், எந்த நெறத்துக்கு எந்த முந்தின்னு பாவு நூலுக்கு சாயம் போடறதுக்கு முன்னாடியே சொல்றவ நானு. ஆனா யாவாரிங்க பொண்டாட்டியோட வந்து குந்தினாங்கன்னா எங்க அத்தை, அதான் மாமியாரு, உள்ள பாத்து கொரல் குடுப்பாங்க. "ரேவதி, இத கொஞ்சம் தோள்ல போட்டுக் காட்டும்மா." அவ வந்து நிப்பா. நான் சேத்த நெறம், நான் சொன்ன பார்டரு, அவ தோள்ல போட்டதும் வந்தவங்க வாயில ஈ பூந்தது தெரியாம பாப்பாங்க.

ஒருக்கா வந்தவாசியிலேந்து வந்த ஒரு அம்மா, "அந்தப் பொண்ணு கோணிய சுத்திகினாலும் அழகாதான் இருக்கும். நம்ம மாதிரி ஒடம்புக்கு இது எப்படி இருக்கும்?"னு கேட்டு என் பக்கம் திரும்பினாங்க. நான் எழுந்து நிக்கறதுக்குள்ள அத்தை, "அவளுக்கு ஒரு பொடவ பத்தாதும்மா"ன்னுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன், எல்லாரையும் விட சத்தமா. அப்புறம் பின்பக்கம் போய் தண்ணித் தொட்டிய தேச்சேன், யாரும் தேய்க்கச் சொல்லல.

சர்க்கர வந்து வருஷக்கணக்காச்சு. முட்டி ரெண்டும் படி ஏற வுடாது. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதுன்னு எங்க வூட்டுக்காரரு பயந்துபோய் என்ன எழுப்பிகினே இருப்பாரு. கடைசியா வேலூர்ல ஒரு பெரிய டாக்டர்கிட்ட இட்டுகினு போனாரு. அந்த டாக்டர் ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டினாரு. இரைப்பையோட மேல் பக்கத்துல சின்னதா ஒரு பை மாதிரி பிரிச்சுடுவாங்களாம், அத நேரா சிறுகுடலோட சேத்துடுவாங்களாம். கொஞ்சம் சாப்ட்டா வயிறு ரொம்பிடும், சாப்ட்டதுலயும் பாதிதான் ஒடம்புல சேரும். "சர்க்கர கட்டுக்குள்ள வரும், முட்டி வலி கொறையும்"னு அவரு சொல்லிகினே போறாரு. நான் கேட்ட மொத கேள்வி, "இடுப்பு எவ்ளோ கொறையும் டாக்டர்?" எங்க வூட்டுக்காரரு கூரைய பாத்தாரு.

அப்புறம் டெஸ்டுங்க. ரத்தம், ஸ்கேனு, தொண்டை வழியா குழாய் வுட்டு வயித்த பாக்கறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சுலயும் காலையிலேந்து காத்துகினு இருக்கணும். பக்கத்துல ஒரு பொம்பள வந்து குந்தினா, அவ என்ன விட குண்டா இல்லயான்னு அளவெடுத்துகினே இருப்பேன். குண்டா இருந்தா நிம்மதி. ஆபரேஷன் வேணாம்னு யாரையாவது திருப்பி அனுப்பினாங்கன்னா அவங்க மேல ஒரு எரிச்சலு. செலவுக்கு, வாங்கிப் போட்டிருந்த மனை ஒண்ணு போச்சு. அந்தக் கவல அவரோடது, நான் அதுல கை வெக்கல.

சின்னச் சின்ன ஓட்டை போட்டு பண்ணிடலாம்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு முன்னாடியே பித்தப்பை எடுத்த ஆபரேஷன் ஆயிருந்துது. அதனால உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு இருந்துதாம். கடைசியில வயித்த நீளமா தெறந்துதான் பண்ணாங்க. கண்ணு முழிச்சு கீழ பாத்தா மாருக்குக் கீழேந்து தொப்புள் வரைக்கும் தையலு.

பக்கத்துக் கட்டில்ல ஸ்ரீதேவி. வந்தவாசிப் பக்கம் கிராமத்துல ஜைனரு, வூட்டுக்காரரு பள்ளிக்கூட வாத்தியாரு. அதே டாக்டரு, அதே ஆபரேஷனு, ஏதோ பழைய ஆபரேஷனால அவளுக்கும் தெறந்துதான் பண்ணாங்க. நல்லவதான், ஒரு கொற சொல்ல முடியாது. அதுவே எனக்குப் புடிக்கல.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது டயட்டீஷியன் பொண்ணு ஒண்ணு வந்துது. "அம்மா, உங்க வயிறு இப்போ ஒரு சின்ன டம்ளர் கூட புடிக்காது. அதுல கஞ்சிய ஊத்தி ரொப்பிட்டீங்கன்னா காயத்துக்கு இன்னா மிச்சம் இருக்கும்? புதுசா தோலு, சதை வளரணும்னா புரதம் வேணும். மொதல்ல புரதம், மத்ததெல்லாம் அப்புறம்." அப்புறம் வரிசையா சொல்லிச்சு. பருப்புத் தண்ணி, மோரு, கொஞ்ச நாள் கழிச்சு முட்ட வெள்ளக்கரு. கூட ஒரு புரதப் பவுடர், கெட்டியா சாப்பிட முடியற வரைக்கும் அதுதான் சாப்பாடு. அதோட ஜிங்க் மாத்திர, வைட்டமின் சி, இரும்புச் சத்து, பி-12 ஊசி. இந்த லிஸ்ட்ட அது எங்க வூட்டுக்காரருக்குதான் சொல்லிச்சு. அவரு மண்டைய ஆட்டினாரு. பொடவ வெல பேசும்போதும் அப்படிதான் ஆட்டுவாரு, ஒண்ணும் காதுல வாங்கியிருக்க மாட்டாரு.

பவுடர் டப்பா வூட்டுக்கு வந்துது. பெரிய டப்பா, மேல ஒரு ஆம்பள சட்ட இல்லாம கைய மடக்கி சதைய காட்டிகினு நிக்கறான். அத்தை கண்ணாடி போட்டுகினு அத திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"இன்னாடா இது?"

"சத்துப் பவுடர்மா. கோமளாவுக்கு."

"ஏன்டா, இளைக்கறதுக்கு வயித்த அறுத்துகினு வந்திருக்கா. அவளுக்குப் போய் ஒடம்பு ஏத்தற பவுடரா? மனைய வித்த காசு மறுபடியும் ஒடம்புலயே ஏறட்டும்னா?"

அவரு யோசிச்சாரு. எனக்கும் அது நியாயமாதான் பட்டுது. ஜல்தியா இளைக்கணும், ரேவதி இடுப்புக்கு வரணும்னுதான் நான் கெடந்தேன். டப்பா மேல இருந்தவன் தோள பாத்து எனக்கே பயமா இருந்துது. "அப்புறம் பாத்துக்கலாம் அத்தை"ன்னேன். டப்பா பரண் மேல போச்சுன்னு நெனச்சுகினேன்.

அது போதாதுன்னு பத்தியம் வேற. எங்க பக்கம் வழக்கம் அப்படி. காயம் பட்டவங்களுக்கு பருப்பு ஆவாது, முட்ட ஆவாது, தயிரு ஆவாது, சீழ் புடிக்கும்பாங்க. பிள்ள பெத்தவளுக்கும் அதேதான், கால்ல ஆணி குத்தினவனுக்கும் அதேதான். அத்தை ரொம்பப் பாசமா பாத்துகினாங்க, பொய் சொல்லக்கூடாது. அரிசிக் கஞ்சிய வடிகட்டி, மெளகு ரசம் வெச்சு, ஸ்பூன்ல ஊட்டினாங்க. மாத்திர சூடுன்னு பாதிய நிறுத்திட்டாங்க. நானும் தெம்பா இருக்கறதா நெனச்சுகினு எடை மெஷின்ல ஏறி ஏறி எறங்கினேன். முள்ளு கீழ போவப் போவ ஒரே சந்தோஷம்.

ஒரு நாளு காலையில தையலுக்கு நடுவுல செவந்து, ஈரமா இருந்துது. மறு நாளு பொடவ நனைஞ்சு போச்சு. காய்ச்சல். காரு புடிச்சு மறுபடியும் வேலூரு.

டாக்டர் தொட்டுப் பாத்துட்டு பேசவே இல்ல. அந்த மாதிரி டாக்டருங்க பேசாம இருக்கும்போது வர பயம் இருக்குதே, அதுக்கு மருந்து கெடையாது. நடுத் தையல பிரிச்சாரு. காயம் வாயத் தெறந்துது. கெட்ட தண்ணிய எல்லாம் எடுத்து, துணிய உப்புத் தண்ணியில நனச்சு உள்ள வெச்சு கட்டினாங்க. "இத திரும்ப தச்சா உள்ள சீழ் கட்டிக்கும். அடியிலேந்து சதை வளந்து தானா மேல வரணும். கீழ இருக்கற கெட்டியான அடுக்கு இப்ப நல்லா இருக்குது. அதுவும் பிரிஞ்சுதுன்னா மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருதான்"னாரு.

அதுதான் எனக்கு ஆவி போன எடம். மறுபடியும் அந்த மேச, அந்த லைட்டு. என் ரெண்டு பசங்க மொகம் கண்ணுல வந்து போச்சு.

ரத்தத்துல அல்புமின்னு ஒண்ணு பாத்தாங்க. நம்ம ரத்தத்துல சுத்திகினு இருக்கற புரதம் அது. எனக்கு அது ரொம்ப எறங்கிப் போயிருந்துது. டயட்டீஷியன் பொண்ணு ஓடியாந்துது.

"இன்னாம்மா சாப்ட்டீங்க?"

"கஞ்சி. ரசம்."

"பருப்புத் தண்ணி?"

"சீழ் புடிக்கும்னு..."

"பருப்பு தின்னா சீழ் புடிக்காதும்மா. கிருமியால புடிக்கும், சர்க்கர ஏறினா புடிக்கும், சாப்பாட்டுல சத்து இல்லன்னா புடிக்கும். பவுடர் குடிச்சீங்களா இல்லயா?"

நான் எங்க வூட்டுக்காரர பாத்தேன். அவரு செருப்ப பாத்துகினு இருந்தாரு.

அன்னிக்குன்னு பாத்து ஸ்ரீதேவி செக்கப்புக்கு வந்தா. நடந்து வந்தா! பழைய சினேகிதின்னு என்ன பாக்க கட்டிலுக்கே வந்துட்டா. "உங்களுக்கு எப்படி ஆறியிருக்குது?"ன்னு கேட்டேன், கேக்காம இருந்திருக்கலாம். பொடவய லேசா ஒதுக்கிக் காட்டினா. ஒரு கோடு. பென்சில்ல இழுத்த மாதிரி. எனக்கு அப்படியே பத்திகினு வந்துது. இவ முட்ட தொட மாட்டா, வெங்காயம் உருளைக்கெழங்கு தொட மாட்டா, பொழுது சாஞ்சா ஒரு வாய் சாப்பிட மாட்டா. நான் கறி மீனு தின்னு வளந்தவ. அவளுக்கு ஆறுது, எனக்கு ஆறல. எந்த ஊரு நியாயம் இது?

"பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும் இல்லீங்களா, அதனால காலையிலேந்தே கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுடுவேன்"னு அவ சொன்னா. "பருப்பு வேகவெச்ச தண்ணி, மோரு, பன்னீர மசிச்சு ஒரு ஸ்பூனு, நடுவுல பவுடரு. ஒரே மடக்கா குடிச்சா வயிறு தாங்காது. அவரு பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கலக்கி மூடி வெச்சுட்டுப் போவாரு."

வாத்தியாரு கலக்கி வெக்கறாராம். நான் எங்க வூட்டுக்காரர பாத்த பார்வையில அவரு எழுந்து வெளிய போயிட்டாரு.

அவ போனதும் அவர உள்ள கூப்ட்டேன். "பரண் மேல இருக்கற அந்த டப்பாவ எடுத்துகினு வாங்க."

"பரண்ல இல்ல."

"பின்ன?"

"அம்மா... ரேவதிக்குக் குடுத்துகினு இருக்காங்க. அவ ஒல்லியா இருக்கறதாலதான் வயித்துல ஒண்ணும் தங்கலன்னு... கொஞ்சம் ஒடம்பு தேறட்டும்னு..."

வயித்துல கட்டு இல்லன்னா அன்னிக்கு நான் அவர இன்னா பண்ணியிருப்பேனோ. என் பவுடரு! என் காயத்துக்கு வாங்கின பவுடரு! கொஞ்ச நாளா ரேவதி கன்னத்துல ஒரு மினுமினுப்பு வந்திருந்துது, நானே பாத்து வயித்தெரிச்சல் பட்டிருந்தேன். அது எங்கேந்து வந்துதுன்னு இப்பதான் தெரியுது. எளைக்க ஆசப்பட்ட எனக்கு காயம் வாயப் பொளந்துகினு நிக்குது, ஏற்கனவே அழகா இருக்கறவளுக்கு என் டப்பாவுல கன்னம் ரொம்புது. கடவுளுக்கு கண்ணு இருக்குதான்னு சத்தமா கேட்டேன். நர்ஸம்மா வந்து ஊசி போட்டுட்டுப் போனாங்க.

எனக்குத் தொணையா இருக்க அவளயே அனுப்பினாங்க பாருங்க, அதுதான் வேடிக்க. கல்யாண சீசனு, அவரால யாவாரத்த வுட முடியல. அத்தைக்கு கால் வீக்கம். ரேவதி பஸ் புடிச்சு வந்து எறங்கினா, கையில புது டப்பா.

நான் மூஞ்சிய திருப்பிகினேன். அவ டப்பாவ ஓரமா வெச்சா. டயட்டீஷியன்கிட்ட எல்லாத்தையும் கேட்டு வந்தா. பவுடர ஆறின பால்ல கட்டி இல்லாம கலக்கினா. சக்கர சேக்கல, ஏன்னா இந்த ஆபரேஷன் ஆனவங்க இனிப்பு சாப்ட்டா குடலுக்குள்ள குபுக்குன்னு எறங்கி, வேர்த்து, படபடன்னு அடிச்சுகினு மயக்கம் வரும். ஒரு வாய் குடுப்பா, மறு வாய்க்குக் காத்துகினு இருப்பா. சுண்ணாம்புச் சத்து மாத்திரயும் இரும்பு மாத்திரயும் ஒண்ணா போட்டா இரும்பு சேராதுன்னு ரெண்டத்தையும் பிரிச்சுப் போட்டா. ஜிங்க் மாத்திர வெறும் வயித்துல கொமட்டும், அத சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தா. எங்க வூட்டுக்காரரு கூட இருந்த நாள்ல டிரெஸ்ஸிங்குன்னாலே வெளிய ஓடிடுவாரு. இவ என் கையப் புடிச்சுகினு நின்னு காயத்தயே உத்துப் பாத்துகினு இருப்பா.

அதுவும் எனக்கு எரிச்சலு. இவ்ளோ நல்லா வேற பாத்துக்கணுமா?

ஒரு நாளு டிரெஸ்ஸிங் முடிஞ்சதும் தாங்க முடியாம கேட்டேன். "பவுடரு ருசி எப்படிடி இருந்துது?"

அவ டம்ளர கழுவிகினு இருந்தா, திரும்பல. "அது உங்களுதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. 'உனக்குன்னு வாங்கியாந்துது'ன்னு அத்தை குடுத்தாங்க. இந்த வூட்ல எனக்குன்னு ஒரு பொருள் வாங்கினாங்களேன்னு ஒரு சொட்டு வுடாம குடிச்சேன்."

நான் போர்வைய இழுத்து வுட்டுகினேன்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க"ன்னா. "உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுக்கா."

"என்னப் பாத்தா? இந்த கெட கெடக்கறனே, என்னப் பாத்தா?"

"ஆமா. உங்க காயத்த டாக்டர் பாக்கறாரு, நர்ஸு பாக்கறாங்க, மாமா மனைய வித்து வைத்தியம் பாக்கறாரு. எனக்கு ரெண்டு தடவ கலைஞ்சுது. ரெண்டாவது தடவ நான் தனியாதான் ஆட்டோவுல போய்ட்டு வந்தேன். யாராண்டயும் சொல்லாதன்னு அத்தை சொன்னாங்க. மறு நாளே யாவாரி வந்தாங்க. பொடவய தோள்ல போட்டுகினு நின்னேன். கால் நடுங்கிச்சு. நீங்க எதிர்ல குந்தி என்ன மொறச்சுப் பாத்துகினு இருந்தீங்க. உங்களுக்குக் காயம் வெளிய இருக்குதுக்கா, அதனால எல்லாரும் பாக்கறாங்க."

அவ அழல. டம்ளர தொடச்சு கவுத்து வெச்சா. நான்தான் அழுதேன், அழுதா வயித்துல இழுக்குதுன்னு வாயப் பொத்திகினு அழுதேன். மொத தடவ எனக்குத் தெரியும், ரெண்டாவது தெரியவே தெரியாது. ஒரே வூட்ல, ஒரே அடுப்புல சோறு பொங்கிகினு இருந்தோம்.

மறு நாளு டயட்டீஷியன் பொண்ணு வந்தப்போ, "இவ கண்ண கொஞ்சம் பாரும்மா"ன்னேன். கீழ் எமைய எறக்கிப் பாத்துது. வெளுத்துக் கெடந்துது. ரத்தம் எடுத்துப் பாத்தா இரும்புச் சத்து எனக்கு எவ்ளோ கம்மியோ அவளுக்கும் அவ்ளோ கம்மி. பொம்பள டாக்டராண்டயும் காட்டச் சொல்லி அனுப்பிச்சுது. அன்னிலேந்து பவுடர ரெண்டு டம்ளர்ல கலக்கினோம். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். அவ டம்ளர்ல நொர ஜாஸ்தி இருக்கற மாதிரியே எனக்குத் தோணும், மாத்தி வாங்கிக் குடிப்பேன். புத்தி எங்க போவும்?

காயத்துக்குள்ள மொதல்ல வெளுப்பா இருந்துது, அப்புறம் மெள்ள செவப்பு செவப்பா, சின்ன சின்ன மணி மாதிரி சதை வர ஆரம்பிச்சுது. டாக்டர் அதப் பாத்துட்டு மொத மொறயா சிரிச்சாரு. புதுச் சதை வளரும்போது அப்படித்தான் இருக்குமாம். ஒவ்வொரு டிரெஸ்ஸிங்குக்கும் உள்ள வெக்கற துணி சின்னதாவிகினே வந்துது. அல்புமினும் ஏறிச்சு. "தியேட்டர் வேணாம்"னு டாக்டர் சொன்னப்போ ரேவதி பக்கத்துல நின்ன நர்ஸம்மாவ கட்டிப் புடிச்சுகினா. இந்த ஆபரேஷன் பண்ணிக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: வூட்ல யாரு இன்னா பாசத்துல சொன்னாலும், டயட்டீஷியன் சொன்னத உங்க காதால கேட்டுகினு வாங்க, வூட்டுக்காரரு காதால கேக்காதீங்க.

வூட்டுக்கு வந்ததும் தெருவே தெரண்டு வந்துது. முன் ரூம்ல பாய் விரிச்சு என்ன நடுவுல குந்த வெச்சாங்க. "ஐயோ, பாதியா போயிட்டியே கோமளா!" "மொகமே மாறிப்போச்சே!" "கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கறே!" எத்தன வருஷமா இதுக்கு ஏங்கினேன் தெரியுமா? ஒருத்தரும் என் மேல வெச்ச கண்ண எடுக்கல. அவ்ளோ நல்லா இருந்துது.

ரேவதி டீ தட்டு எடுத்துகினு வந்தா. குடுத்துட்டு உள்ள போவத் திரும்பினா. நான் அவ கையப் புடிச்சு, "தட்ட கீழ வெச்சுட்டு இங்க குந்துடி"ன்னேன். அவ காதுகிட்ட போய், "சொல்லட்டா?"ன்னு கேட்டேன். இன்னா கேக்கறன்னு அவளுக்குப் புரிஞ்சுது. பாய்லேந்து ஒரு கோரைய பிச்சா. அப்புறம் சரின்னு தலைய ஆட்டினா.

"என்னப் பாக்க வந்தீங்களே, இவளையும் பாத்துட்டுப் போங்க"ன்னேன். "இவளுக்கு ரெண்டு கொழந்த தங்காம போச்சு. ஒருத்தரும் வந்து பாக்கல. நானுந்தான் பாக்கல."

அத்தை, "கோமளா, யாராண்ட இன்னா பேசறதுன்னு இல்ல?"ன்னு எழுந்தாங்க. யாரும் அவங்க பக்கம் திரும்பல. எதிர் வூட்டு சரோஜா அக்கா நவுந்து நவுந்து வந்து ரேவதி பக்கத்துல குந்தினாங்க. அவ மோவாயத் தொட்டு, "எனக்கும் ஒண்ணு போச்சுடி, யாராண்டயும் சொன்னதில்ல"ன்னாங்க. அவ்ளோ நாளா அழாத ரேவதி அவங்க மடியில கவுந்துகினா. எனக்குன்னு வாங்கியாந்த ஆப்பிளு, சாத்துக்குடி எல்லாம் ஒண்ணொண்ணா அவ பக்கம் போச்சு. ஒருத்தி தலையக் கோதறா, ஒருத்தி தண்ணி எடுத்தாறா. என் பக்கம் திரும்ப ஆளு இல்ல.

எனக்குப் பொறாமையாதான் இருந்துது. இருந்துட்டுப் போவுதுன்னு வுட்டுட்டேன்.